நாற்பத்தெட்டு பேர், ஒரு சாக்பீஸ்!

ராத்திரி பத்தரை மணிக்கு மச்சினனிடமிருந்து போன். அந்த நேரத்தில் போன் வந்தால் ஒன்று கடன் கேட்பான், இல்லையென்றால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்பான். இரண்டும் இல்லை.

"மாமா, வேலை கிடைச்சிருச்சு! ஜூன்லேர்ந்து ஸ்கூல்ல காமர்ஸ் வாத்தியார்!"

"சபாஷ் மாப்ளே! ட்ரீட் எப்போ?"

"ட்ரீட் கிடக்கட்டும் மாமா. கிளாசுக்குள்ள போனதும் முதல்ல என்ன பண்றது? அதைச் சொல்லுங்க. நெனச்சாலே வயித்தைப் பிசையுது."

பையன் எம்.காம்., பி.எட். 2015-லிருந்து பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. இரண்டு வருஷமும் கலர் கலராக லெஸன் ப்ளான் எழுதி, சார்ட் ஒட்டி, மனோதத்துவ மேதைகள் பேரையெல்லாம் நெட்டுருப் போட்டவன். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு, சாம்பார் சாத மயக்கத்தில் சொக்கிக் கிடக்கும் நாற்பத்தெட்டு பேரை எப்படி நிமிர்ந்து உட்கார வைப்பது என்பது மட்டும் எந்த யூனிட்டிலும் வரவில்லையாம்.

என்னிடம் எதற்குக் கேட்டான் என்றால், நானும் ஒரு காலத்தில் வாத்தியார். மொத்த சர்வீஸ் நாலு மாசம். (பென்ஷன் கிடையாது!)

பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் ஆபீஸ் நண்பர்களே, ஒரு நிமிஷம்! 'நமக்கென்ன, நாம என்ன வாத்தியாரா?' என்கிறீர்களா? புதிதாகச் சேர்ந்த பையனுக்கு டேலியில் வவுச்சர் போடச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, அது என்ன? ராத்திரி பெண்ணுக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்து, பெண் அழுது, பெண்டாட்டி முறைத்து, கடைசியில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்கிறீர்களே, அது என்ன? நீங்களும் வாத்தியார்தான் சார். அதற்குச் சம்பளம் வருவதில்லை, அவ்வளவுதான்!

முதல் நாள், முதல் புறா!

சி.ஏ. பரீட்சையில் இரண்டாவது தடவையும் குரூப் கிளியர் ஆகாமல், வீட்டில் முகம் காட்ட முடியாமல் நான் திரிந்த காலம். திருச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் (பேர் வேண்டாம்). அக்கவுன்டன்சி மிஸ் பிரசவ லீவில் போய்விட, ப்ளஸ் ஒன்னுக்கு ஆள் இல்லை. "பி.காம்.தானே? நாளைக்கே வந்துடுங்க" என்றார்கள். டெய்லர் கடையில்கூட ஒரு சட்டை தைத்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு எடுப்பார்கள்!

புதுச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு கம்பீரமாக நுழைந்தேன். "குட் மார்னிங் சாஆஆர்!" என்று நாற்பத்தெட்டு பேரும் ராகம் போட்டார்கள். அட, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு போர்டு பக்கம் திரும்பினேன். 'இரட்டைப் பதிவு முறை' என்று தலைப்பு எழுத ஆரம்பித்தேன். 'இரட்' வரைக்கும்தான் வந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு புறா. 'க்கூர்ர்ர்...'

திரும்பினேன். கப்சிப். நாற்பத்தெட்டு சாமியார்கள்.

மறுபடி போர்டு. மறுபடி புறா. இந்தத் தடவை ஜோடி.

"யார்ரா அது?"

மௌனம்.

"மரியாதையா எழுந்திரு. இல்லேன்னா கிளாஸே நிக்கணும்!"

கிளாஸே நின்றது. சந்தோஷமாக நின்றது. மணி அடிக்கிற வரைக்கும் நின்றது. நாற்பத்தைந்து நிமிஷ பீரியடில் அன்றைக்கு நான் நடத்தி முடித்த பாடம்... 'இரட்'!

ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் கணக்கு சார். முப்பது வருஷ சர்வீஸ். ஃபிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, 'யார்ரா அது'ங்கறது வாத்தியார் வாயில வரவே கூடாத கேள்வி. கேட்டா ஒண்ணு, பதில் வராது. இல்லே, ஒருத்தன் இன்னொருத்தனைக் காட்டிக் கொடுக்கணும். பதில் வராத கேள்வியை நாப்பத்தெட்டு பேர் முன்னால கேட்டீங்களே, தோத்தது யாரு?"

அடுத்த நாலு மாசத்தில் அந்த ஃபிளாஸ்க் மூடியில் நான் குடித்த காப்பிக்குக் கணக்கில்லை. மச்சினனுக்கு நான் அவிழ்த்து விட்ட சரக்கில் முக்கால்வாசி அவருடையது. மீதி, நான் பட்டுத் தெரிந்துகொண்டதும், பிற்பாடு அங்கே இங்கே படித்ததும்.

முதுகைக் காட்டாதே!

புறாவுக்கு வழி விட்டது யார்? நான்தான். போர்டைப் பார்த்து முழுசாகத் திரும்பி நின்றேன். முதுகைப் பார்த்தால் யாருக்குமே விளையாடத் தோன்றும்.

பக்கவாட்டில் நின்று எழுத வேண்டும். ஒரு தோள் போர்டுக்கு, ஒரு கண் வகுப்புக்கு. எழுதும்போதே வாய் பேசிக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் கோணல்மாணலாகத்தான் வரும். ஒரு வாரத்தில் பழகிவிடும். நீளமான தலைப்பு, பெரிய கட்டம் எல்லாம் வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போர்டில் இருக்கட்டும்.

போர்டை மூன்றாகப் பிரித்துக்கொள். இடது ஓரம், தேதி, தலைப்பு, அன்றைக்கு வரும் புது வார்த்தைகள்: கடைசி வரை அழிக்கக் கூடாது. நடுவில் பாடம். வலது ஓரம், கிறுக்கல், கூட்டல், கழித்தல். முதல் நாள் சாயங்காலம் காலி வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து உன் கையெழுத்தை நீயே படித்துப் பார். ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரு பக்கம் பளபளவென்று ஒன்றுமே தெரியாமல் இருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்த பையன்கள்தான் 'எழுத மாட்டேங்கறான் சார்' லிஸ்டில் இருப்பார்கள்!

சாக்பீஸ் கிறீச்சிட்டால் பாதியாக உடைத்து, சாய்த்துப் பிடித்து எழுது. ஈரத் துணியால் துடைத்தால் தூசி பறக்காது. ஸ்மார்ட் போர்டு இருக்கிறதே என்பாய். இருக்கட்டும். கரன்ட் போகும் நாளுக்கும் சேர்த்துத்தான் இது.

1970-ல் ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்கர், வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து ஒரு புத்தகம் போட்டார். அடங்கிய வகுப்புக்கும் அடங்காத வகுப்புக்கும் வித்தியாசம், ரகளை நடந்த பிறகு வாத்தியார் எப்படித் திட்டினார் என்பதில் இல்லையாம். ரகளைக்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் இருந்ததாம். அறை முழுக்கக் கண் ஓடிக்கொண்டிருந்ததா, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இழுபறி இல்லாமல் போனாரா, அவ்வளவுதான் விஷயம்.

ஒருத்தன் வால் ஆட்டுகிறானா? பாடத்தை நிறுத்தாதே. பேசிக்கொண்டே நடந்து போய் அவன் பெஞ்ச் பக்கத்தில் நில். அவன் நோட்டில் எழுத வேண்டிய வரியில் விரலை வை. நகர்ந்து வா. நூற்றுக்கு எண்பது கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும் என்பார் கணக்கு சார். மீதி இருபதையும் வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. கூட்டத்தின் முன்னால் எந்தப் பையனும் ஹீரோவாகத்தான் இருந்தாக வேண்டும். தனியாக வந்தால்தான் அவன் பையன்.

ஒரு நாளைக்கு எட்டு பேர்!

"ஏய், நீதாம்ப்பா... அந்த மூணாவது பெஞ்ச்... கட்டம் போட்ட... இல்லே, அவன் இல்லே, பக்கத்துல..." இப்படி ஒரு நிமிஷம் போனால் வகுப்பு நம்மை ரசிக்க ஆரம்பித்துவிடும்.

பேர் தெரிந்தால் பாதி ஜெயம். நோட்டில் பெஞ்ச் பெஞ்சாகக் கட்டம் போட்டு, யார் எங்கே என்று எழுதிக்கொள். ஒரு நாளைக்கு எட்டு பேர். நாற்பத்தெட்டு பேருக்கு ஆறு நாள். மனப்பாடம் பண்ணுவதற்கு ஒரே வழி, அந்த எட்டு பேரையும் அன்றைக்கு ஏதாவது ஒரு நல்ல காரணத்துக்காகப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. ஜன்னலைத் திறக்கச் சொல், நோட்டு வாங்கி வரச் சொல். திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது சாதாரணமாகக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்டாஃப் ரூமில் முதல் நாளே ஒரு பட்டியல் வாசிப்பார்கள். "அவன் ரௌடி, இவன் மக்கு, அந்தப் பொண்ணு அழுமூஞ்சி." காப்பியைக் குடி, பட்டியலை விட்டுவிடு. போன வருஷத்துப் பாக்கியை இந்த வருஷக் கணக்கில் ஏற்றாதே.

திருச்சி, ஸ்ரீரங்கம், சமயபுரம்!

கேள்வி கேட்கிறோம். பதில் இல்லை. உடனே நாமே சொல்லிவிடுகிறோம். எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று நினைக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1970-களில் வகுப்பு வகுப்பாக டேப் பதிவு செய்து பார்த்தார். சராசரியாக ஒரே ஒரு செகண்ட்! அதை மூன்று செகண்டுக்கு நீட்டிப் பார்த்தால், பதில்கள் நீளமாகின. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் வாய் திறந்தார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கவும் ஆரம்பித்தார்கள்.

மூன்று செகண்ட் என்பது கேட்க அற்பம். வகுப்பில் நின்று பார்த்தால் மூன்று யுகம். நான் ஒரு உபாயம் வைத்திருந்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் 'திருச்சி, ஸ்ரீரங்கம், சமயபுரம்' என்று சொல்லிக்கொள்வேன். சமயபுரம் வந்த பிறகுதான் ஒருத்தன் பேர் சொல்வது.

ஆமாம், கேள்விக்கு அப்புறம்தான் பேர். பேரை முதலில் சொல்லிவிட்டால் மீதி நாற்பத்தேழு பேரும் 'அப்பாடா' என்று சாய்ந்துவிடுவார்கள்!

'புரிஞ்சுதா?' என்று கேட்காதே!

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சாஆஆர்!"

தமிழ்நாட்டில் தினமும் நடக்கும் மிகப் பெரிய பொய் இதுதான். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிலாக, பீரியட் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஒரே ஒரு சின்னக் கணக்கு போடு. துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொல். மார்க் கிடையாது. 'ரொக்கத்துக்கு நாற்காலி வாங்கினான்' என்றதற்கு எத்தனை பேர் நாற்காலியைக் கொள்முதல் கணக்கில் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு புரட்டு புரட்டினால் தெரிந்துவிடும். பதினைந்து பேர் ஒரே தப்பைச் செய்திருந்தால், தப்பு அவர்களுடையது இல்லை. நீ சொன்ன விதத்தில் இருக்கிறது. மறுநாள் அங்கேயிருந்து ஆரம்பி.

அடுத்த நாள் வகுப்பின் முதல் அஞ்சு நிமிஷம், முந்தின பாடத்திலிருந்து மூன்று கேள்வி. நோட்டை மூடிவிட்டு. இதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு மனோதத்துவக்காரர்கள் கல்லூரி மாணவர்களை இரண்டு வகையாகப் படிக்க வைத்தார்கள். ஒரு கோஷ்டி திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கோஷ்டி ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னணி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள். நம் பரீட்சை அஞ்சு நிமிஷத்திலா வருகிறது?

தொண்டை ஒரு முதலீடு!

மூன்றாவது நாள் எனக்குக் குரல் போய்விட்டது. கத்தினால் அடங்குவார்கள் என்று நினைத்தேன். நான் கத்தக் கத்த அவர்களும் என் குரலுக்கு மேலே பேசப் பழகிக்கொண்டார்கள். நாலாவது நாள் வேறு வழியில்லாமல் கிசுகிசுப்பாகப் பேசினேன். ஆச்சரியம், என்ன சொல்கிறான் இந்த ஆள் என்று முன் பெஞ்சுகள் முன்னால் சாய்ந்தன!

சத்தம் அதிகமானால் பேச்சை நிறுத்து. நின்றுகொண்டிரு. அரை வாக்கியத்தில் நிறுத்தினால் இன்னும் நல்லது. தண்ணீர் பாட்டிலை மறக்காதே. நடத்த முடியாத மிரட்டலை விடாதே. 'எல்லாரும் நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வாங்க' என்று ஒரு நாள் நான் சொல்லப் போய், நிஜமாகவே ஒன்பது அப்பாக்கள் வந்து நின்றார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் ஆளுக்கொரு வணக்கம் போட்டு அனுப்பினேன்!

வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இனிமேல் சொல்வதை மச்சினனிடம் சொல்லும்போது கொஞ்சம் திணறினேன்.

ஆகஸ்ட் மாசம். அக்கவுன்டன்சியில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒரு பாடம். நம் ரொக்க ஏட்டில் பாங்க் இருப்பு பற்றுப் பக்கம் இருக்கும். அதே பணம் பாங்க் தரும் பாஸ் புஸ்தகத்தில் வரவுப் பக்கம் இருக்கும். பையன்களுக்கு இது குழம்பும். ஒரே பணம் எப்படி இரண்டு பக்கமும் இருக்கும்? காரணம் சுலபம். நமக்கு அது நம் சொத்து. பாங்க்குக்கு அது நமக்குத் தர வேண்டிய கடன். யார் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இதைப் பிரமாதமாக விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒருத்தன் தூங்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மட்டும் இல்லை, தினமும். எழுப்பினேன். கேள்வி கேட்டேன். திருதிருவென்று முழித்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ...

"நீயெல்லாம் எதுக்குடா ஸ்கூலுக்கு வர்றே? தூங்கறதுக்கு எதுக்கு யூனிஃபார்ம்? பேசாம மாடு மேய்க்கப் போ!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. என் ஜோக்குக்கு அத்தனை பேரும் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும். நாலு நாள் நான் கவனிக்கவே இல்லை. கடைசி பெஞ்ச் அமைதியாக இருந்தது, நிம்மதியாக இருந்தேன். அஞ்சாவது நாள் கணக்கு சார் காப்பி ஊற்றிக்கொண்டே, "தம்பி, உங்க வகுப்புல ஒரு ஆள் குறையுதே, டேலி ஆகலையே" என்றார்.

"அவனா சார், தூங்குமூஞ்சி."

"ராத்திரி ரெண்டு மணிக்கு காந்தி மார்க்கெட்ல லாரியிலேர்ந்து மூட்டை இறக்கறான் தம்பி. அவங்கப்பா லோடுமேன். கால்ல அடிபட்டு மூணு மாசமா படுத்திருக்கார். இவன் அவர் முறைக்குப் போறான். முடிச்சிட்டு அப்படியே குளிச்சிட்டு ஸ்கூலுக்கு வந்துடுவான். உங்க புஸ்தகத்துல அவன் தூங்குமூஞ்சி. அவன் புஸ்தகத்துல?"

பற்று, வரவு. யார் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதைத்தானே அன்றைக்கு முழுக்க நான் நடத்திக்கொண்டிருந்தேன்!

சாயங்காலமே கிளம்பினேன். "தனியா போகாதீங்க. வாத்தியார் வீட்டுக்கு வந்தாலே தெருவுல புகார்னு நெனப்பாங்க" என்று அவரும் வந்தார், டி.வி.எஸ். 50-யில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. ஒற்றை அறை வீடு. கட்டிலில் அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார். அம்மா ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"எதுனா தப்பு பண்ணிட்டானா சார்? நாலு அடி குடுங்க சார். நாங்க கேக்க மாட்டோம்."

அந்த அம்மாளின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டும் இல்லை, மனசு நோகப் பண்ணுவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் பதினாலு வயது வரைக்கும்தான் என்று சட்டம் படித்த நண்பன் சொன்னான். பதினாறு வயதில் மனசு மரத்துவிடுமா என்ன?

அவன் வாசல் ஓரம் நின்றிருந்தான். "நான் அன்னிக்குச் சொன்னது தப்புப்பா. தெரியாம சொல்லிட்டேன். வா" என்றேன். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், அதற்கு மேல் வரவில்லை. அவன், "பரவால்ல சார்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை வந்தான். கணக்கு சார் ஹெச்.எம்.மிடம் பேசி, ப்ரேயருக்கு லேட்டானால் வெளியே நிறுத்தக் கூடாது என்று ஏற்பாடு பண்ணியிருந்தார். வகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னது தப்பு என்று ஒரு வரி சொன்னேன். முன்னால் சொன்னதற்குப் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டால் பாதிதான் அடையும். அன்றைக்குப் புறா கூடக் கத்தவில்லை.

இருபது வருஷ சர்வீஸ்காரர்களுக்கு...

புதுசாக வருகிறவனுக்குப் பயம் எதிரி என்றால், பழைய ஆளுக்குப் பழக்கம் எதிரி. மஞ்சள் பூத்த நோட்ஸ். அதே ஜோக், அதே இடத்தில். சிரிப்புக்கு விடும் இடைவெளிகூட அதே அளவு! கணக்கு சாரிடம் நான் கண்ட மூன்று வழக்கம்:

ஒன்று, மாசத்துக்கு ஒரு தடவை இன்னொருவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். என் வகுப்புக்கும் வந்தார். கிளம்பும்போது ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்வார். "ஜன்னல் பக்க வரிசையில நீங்க ஒரு கேள்விகூடக் கேக்கலை." பத்துக் குறை சொன்னால் ஒன்றும் ஏறாது என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு, வருஷத்துக்கு ஒரு பாடத்தின் நோட்ஸைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசாக எழுதுவார். ஒரே ஒரு பாடம். "மொத்தத்தையும் மாத்தப் போனா எதுவும் மாறாது தம்பி. தேய்மானம் மாதிரி, வருஷா வருஷம் கொஞ்சம்."

மூன்று, தான் புதுசாக எதையாவது கற்றுக்கொண்டே இருப்பார். அப்போது ஐம்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனார். "முதல் நாள் மவுஸ் கை நழுவிப் போச்சு. சொல்லிக் குடுத்த பொண்ணு பெருமூச்சு விட்டுச்சு. எத்தனை பசங்க முன்னாடி நான் அப்படிப் பெருமூச்சு விட்டிருப்பேன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது."

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர்களில், ரிடையராக அஞ்சு வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்று. இருபது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவர்களுக்கே பரீட்சை! அவர்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ராத்திரி புஸ்தகத்தை வைத்துக்கொண்டு 'ஏற மாட்டேங்குதே' என்று தவிக்கும் அந்த நிமிஷத்தை மட்டும் மறக்காமல் மறுநாள் வகுப்புக்குக் கொண்டு போகலாம். கடைசி பெஞ்ச் தினமும் அப்படித்தான் இருக்கிறது.

வாயில் வரக் கூடாத வாக்கியங்கள்

★ "யார்ரா அது?" (பதில் வராது.)

★ "புரிஞ்சுதா?" (பொய்தான் வரும்.)

★ "உங்க அண்ணன் எப்படிப் படிச்சான் தெரியுமா?" (வீட்டிலேயே தினமும் கேட்கிறான்.)

★ "இது ரொம்ப ஈஸி." (வரவில்லை என்றால் அவன் மக்கு என்று அர்த்தமாகிவிடும்.)

★ "வெளியே போ!" (அவனுக்கு அதுதான் வேண்டும்.)

★ "நீயெல்லாம்..." (இந்த வார்த்தையில் ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் நல்லபடியாக முடிந்ததில்லை.)

ரப்பர் கிடையாது!

அவன் என்ன ஆனான்? கலெக்டர் ஆனான் என்று முடித்தால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆகவில்லை. ப்ளஸ் டூ பாஸ் பண்ணினான். போன வருஷம் வெங்காயம் வாங்க மார்க்கெட் போனபோது, ஒரு மண்டியிலிருந்து "சார்!" என்று குரல். கணக்கு எழுதும் மேஜைக்குப் பின்னால் அவன். காதில் பேனா. எதிரே கம்ப்யூட்டரில் டேலி. எழுந்து வந்து டீ சொன்னான்.

பேச்சுவாக்கில், "அன்னிக்கு வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் பெருமைக்காகக் கேட்டதுதான்.

"இருக்கு சார்" என்றான். டீயை ஒரு வாய் குடித்தான். "மாடு மேய்க்கப் போன்னு சொன்னீங்களே, அதுவும் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் இரண்டையும் சொன்னான்.

கணக்கு எழுதுவதில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது: தப்பாகப் பதிந்துவிட்டால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. கீழே பிழைத் திருத்தப் பதிவு போடலாம், அவ்வளவுதான். பழைய பதிவு அங்கேயே இருக்கும். பி.காம். மூன்று வருஷத்தில் புரியாத இந்த விஷயம் எனக்கு அந்த மண்டி வாசலில் புரிந்தது.

போனில் மச்சினன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவும் ஞாபகம் வெச்சுக்க முடியாது மாமா. ஒரே வரியில சொல்லுங்களேன்" என்றான்.

"பேனாவால எழுதப் போறே மாப்ளே. ரப்பர் கிடையாது. பார்த்து எழுது."

"சரி மாமா... முதல் நாளே புறா கத்தினா?"

"காதுல விழாத மாதிரி தலைப்பை எழுதி முடிச்சிடு. நான் இன்னும் 'இரட்'லயே நிக்கறேன்!"